தட்டில் தெரியாத மக்காச்சோளம்

தமிழ்நாட்டில் மக்காச்சோளத்தைப் பொங்கிச் சாப்பிடும் வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கடற்கரையில் சுட்டு எலுமிச்சம்பழம் தேய்த்துத் தரும் கதிர், தியேட்டரில் பாப்கார்ன், எப்போதாவது ஹோட்டலில் ஒரு சூப். நமக்கும் அதற்கும் உள்ள பழக்கம் அவ்வளவுதான். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் பெரம்பலூர், அரியலூர் பக்கம் பஸ்ஸில் போனால் சாலையின் இரண்டு பக்கமும் மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு நிற்கும். சேலம், திண்டுக்கல், விருதுநகர், தூத்துக்குடி என்று மானாவாரி நிலம் உள்ள மாவட்டங்களிலும் இதைப் பார்க்கலாம். வீட்டில் யாரும் உலையில் போடாத தானியத்தை இத்தனை பேர் ஏன் விதைக்கிறார்கள்?

ஏனென்றால் அதை நாம் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். முட்டையாக, பிராய்லர் கோழியாக, பிஸ்கட்டிலும் மிட்டாயிலும் ஐஸ்கிரீமிலும் ஒரு பங்காக. தட்டுக்கு வருவதற்குள் உருமாறிவிடுவதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. வயலில் நடப்பது நம் உணவையும் உடம்பையும் எப்படி மாற்றுகிறது என்று புரிந்துகொள்ள, இந்த ஒரு பயிரின் பின்னால் போனாலே போதும்.

தொழில்மய வேளாண்மை என்று சொல்கிறார்களே, அதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். பரந்த நிலத்தில் ஒரே பயிர், கடையில் வாங்கும் விதை, மூட்டையில் வரும் உரம், மருந்து, அறுவடைக்கு எந்திரம். இவை வெளியே தெரியும் அடையாளங்கள். என் கணக்கில் இவற்றைவிட முக்கியமானது வேறொன்று: விளைச்சலை வாங்குவது யார் என்பது. சந்தைக்கு வந்து கத்தரிக்காயைக் கிள்ளிப் பார்த்து வாங்கும் ஆளுக்கு ருசி வேண்டும், பதம் வேண்டும். தீவன ஆலைக்கும் மாவுச்சத்து ஆலைக்கும் வேண்டியது வேறு. ஈரப்பதம் குறைவாக இருக்க வேண்டும், லோடு லோடாக வர வேண்டும், எல்லா லோடும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், விலை மலிவாக இருக்க வேண்டும். வாங்குபவர் மாறினால் விதைப்பதும் மாறும். விதைப்பது மாறினால் கொஞ்ச காலத்தில் சாப்பாடும் மாறும்.

அயோவாவில் நடந்தது

இந்தக் கதை முழு அளவில் நடந்து முடிந்த இடம் அமெரிக்காவின் நடுப்பகுதி. அயோவா, இல்லினாய், நெப்ராஸ்கா, மின்னசோட்டா மாநிலங்களை அங்கே மக்காச்சோளப் பட்டை என்றே அழைப்பார்கள். 2023ல் அந்த நாடு விளைவித்த மக்காச்சோளம் சுமார் 39 கோடி டன். இந்தியாவில் அந்த ஆண்டு விளைந்த அரிசி, கோதுமை, சிறுதானியம், பருப்பு எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினாலும் அந்த அளவு வராது.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1930கள் வரை அங்கே ஓர் ஏக்கரில் சராசரியாகக் கிடைத்தது 600 கிலோவை ஒட்டித்தான். இன்று சுமார் நாலரை டன். ஏறக்குறைய ஏழு மடங்கு.

முதல் காரணம் வீரிய ஒட்டு விதை. அயோவாக்காரரான ஹென்றி வாலஸ் 1926ல் இதற்கென்றே ஒரு விதை நிறுவனத்தைத் தொடங்கினார். பிற்பாடு பயோனியர் என்று உலகம் முழுக்கப் பெயர்பெற்றது அதுதான். வாலஸ் அப்புறம் நாட்டின் வேளாண் அமைச்சராகவும் துணை அதிபராகவும் ஆனார். ஒட்டு விதையில் செடிகள் ஒரே உயரத்தில், ஒரே நேரத்தில் முற்றும், எந்திரத்துக்குத் தோதாக நிற்கும், நெருக்கி நட்டாலும் சாயாது. ஆனால் அந்தக் கதிரிலிருந்து மணி எடுத்து மறுபடி விதைத்தால் பழைய விளைச்சல் வராது. ஒவ்வொரு போகத்துக்கும் புதிதாக வாங்க வேண்டும். பெரம்பலூர் விவசாயி பருவத்துக்குப் பருவம் விதைப் பை வாங்குவதும் இதனால்தான்.

இரண்டாவது காரணம் நைட்ரஜன் உரம். எனக்கு இந்தக் கதையின் மையமே இதுதான். காற்றில் கிடக்கும் நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்ற முடியும் என்று ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஹேபர் 1909ல் செய்து காட்டினார். கார்ல் போஷ் அதை ஆலை அளவுக்குக் கொண்டுபோனார். 1913ல் ஓப்பாவ் ஆலை ஓடத் தொடங்கியது. உலகப் போர்களில் இதே அம்மோனியா வெடிமருந்துக்குப் போனது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்காவின் வெடிமருந்து ஆலைகள் உரம் தயாரிக்கத் திரும்பின. இன்று உலகில் ஏறக்குறைய பாதிப் பேரின் சாப்பாடு இந்த உரத்தை நம்பி இருக்கிறது என்று மதிப்பிடுகிறார்கள். ஆகவே இதை வில்லன் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியாது.

இதற்கு முன் அயோவா விவசாயி என்ன செய்தார்? மக்காச்சோளம் மண்ணின் சத்தை உறிஞ்சிவிடும். அதனால் ஓர் ஆண்டு அதைப் போட்டால் அடுத்து ஓட்ஸ், அதற்கடுத்து காற்றின் நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும் தீவனப் பயறுவகைச் செடி என்று மாற்றி மாற்றிப் போட்டார். அந்தத் தீவனத்தைத் தின்ன மாடு இருந்தது, மாடு சாணி போட்டது, சாணி வயலுக்குப் போனது. பன்றி, கோழி, ஆப்பிள் மரம், காய்கறித் தோட்டம் எல்லாம் ஒரே பண்ணையில். ரசனைக்காக அவர் பலவகைப் பயிர் வைக்கவில்லை, மண்ணுக்கு வேறு வழி இல்லை. உரம் மூட்டையில் வந்ததும் அந்தக் கட்டாயம் போய்விட்டது. பயறுவகைத் தீவனம் தேவையில்லை என்றால் மாடு தேவையில்லை, மாடு இல்லையென்றால் வேலி தேவையில்லை. வேலியைப் பிடுங்கிவிட்டு அங்கேயும் மக்காச்சோளம் போடலாம். இன்று அயோவா வயல்களில் பெரும்பாலும் இரண்டே பயிர்கள்: மக்காச்சோளம், சோயா. நம் சாப்பாட்டில் வகைகள் குறைந்தது பலசரக்குக் கடையில் தொடங்கவில்லை. வயலில் பயிர் வகைகள் குறைந்தபோதே அது தொடங்கிவிட்டது.

மூன்றாவது, அரசின் கொள்கை. 1930களின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் அமெரிக்க அரசு விளைச்சலைக் கட்டுப்படுத்தித்தான் விலையைத் தாங்கிப் பிடித்தது. 1972ல் சோவியத் ஒன்றியம் பெருமளவில் தானியம் வாங்கியது. உள்நாட்டில் உணவு விலை எகிறியது. அப்போது வேளாண் அமைச்சராக இருந்த ஏர்ல் பட்ஸ், வேலியிலிருந்து வேலிவரை விதையுங்கள் என்று விவசாயிகளைத் தூண்டினார். 1973ல் வந்த சட்டம், சந்தை விலை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் வித்தியாசத்தை அரசு கொடுக்கும் என்றது. விலை விழுந்தால் விவசாயி குறைவாக விதைப்பார் என்பது பாடப்புத்தகக் கணக்கு. நடந்தது நேர்மாறு. கடனைக் கட்ட இன்னும் அதிகமாக விதைத்தார்கள். தானியம் மலைமலையாகக் குவிந்தது.

குவிந்ததை என்ன செய்வது?

ஒரு மனிதன் எவ்வளவுதான் சாப்பிட முடியும்? சட்டை, செருப்பு விற்பவருக்கு இல்லாத சிக்கல் உணவு விற்பவருக்கு உண்டு: வயிறு நிறைந்தால் வியாபாரம் முடிந்தது. மக்காச்சோளத்தை மக்காச்சோளமாகவே விற்றால் அந்த மலை கரையாது. அதற்கு மூன்று வழிகள் கிடைத்தன.

ஒன்று, ஆடுமாடு கோழிகளின் வழியாக அனுப்புவது. புல் மேய்ந்த மாடு கொட்டிலுக்கு வந்தது. புல்லைச் செரிக்கவென்றே அமைந்த வயிற்றில் தானியத்தைத் திணித்தால் அமிலம் கூடும், நோய் வரும். ஆயிரக்கணக்கில் அடைத்து வளர்த்தால் நோய் பரவும். இந்த இடத்தில்தான் ஆன்டிபயாட்டிக் நுழைந்தது. தீவனத்தில் சிறிதளவு ஆன்டிபயாட்டிக் கலந்தால் கோழி சீக்கிரம் வளர்கிறது என்று 1950ல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டுசொன்னார்கள். நோய் இல்லாத கோழிக்கும் மருந்து போடும் பழக்கம் அதிலிருந்து பரவியது. அந்த மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் பெருகியது அதன் விளைவு. ஐரோப்பிய ஒன்றியம் வளர்ச்சிக்காக ஆன்டிபயாட்டிக் கலப்பதை 2006ல் நிறுத்தியது. இந்தியா 2019ல் கொலிஸ்டின் என்ற மருந்தைக் கோழி, கால்நடைத் தீவனத்தில் தடை செய்தது. வேறு எந்த மருந்தும் கேட்காத நோயாளிக்குக் கடைசியாக டாக்டர்கள் எடுக்கும் மருந்து அது.

2008ல் வெளியான ஓர் ஆய்வு எனக்குப் பிடித்தமானது. அமெரிக்க நகரங்களில் துரித உணவுக் கடைகளில் மாட்டிறைச்சி பர்கரும் கோழியும் வாங்கி, அவற்றில் உள்ள கார்பன் அணுக்களின் வகையைச் சோதித்தார்கள். மக்காச்சோளம் காற்றிலிருந்து கார்பனை எடுக்கும் விதம் கோதுமை போன்றவற்றிலிருந்து வேறுபட்டது. அந்தத் தடம் அதைத் தின்ற விலங்கின் சதையிலும் இருக்கும். கோழி அத்தனையும் மக்காச்சோளம் தின்று வளர்ந்தது, மாட்டிறைச்சியும் சில மாதிரிகள் தவிர அப்படியே என்று முடிவு வந்தது. மெனுவில் பத்து வகை இருந்தாலும் மூலம் ஒரே வயல்தான்.

இரண்டாவது வழி, மணியைப் பிரிப்பது. தேங்காயை நாம் தண்ணீர், பருப்பு, எண்ணெய், பிண்ணாக்கு, நார், ஓடு என்று ஒன்றும் விடாமல் பிரித்து விற்பதுபோல, ஆலையில் மக்காச்சோள மணியைப் பிரிக்கிறார்கள். கந்தக டைஆக்சைடு கலந்த வெந்நீரில் ஒன்றிரண்டு நாள் ஊறவைத்து, உடைத்து, முளையைத் தனியே எடுத்து எண்ணெய் பிழிவார்கள். மேல்தோலும் புரதமும் தீவனத்துக்கு. மிச்சம் இருக்கும் மாவுச்சத்துதான் மணியின் எடையில் ஏறத்தாழ எழுபது சதவீதம். அதைக் காயவைத்தால் கார்ன்ஃப்ளோர். என்சைம் போட்டு உடைத்தால் மால்டோடெக்ஸ்ட்ரின், லிக்விட் குளுக்கோஸ். இன்னொரு என்சைம் போட்டால் குளுக்கோஸில் ஒரு பகுதி ஃபிரக்டோஸாக மாறி, சர்க்கரை அளவுக்கு இனிக்கும் பாகு கிடைக்கும். (நம் வீட்டு கஸ்டர்ட் பவுடரும் பெரும்பகுதி கார்ன்ஃப்ளோர்தான், வெனிலா வாசனையும் மஞ்சள் நிறமும் சேர்த்தது.)

அந்த ஃபிரக்டோஸ் பாகின் கதையில் தொழில்நுட்பம் பாதி, அரசியல் பாதி. என்சைம் முறையைத் தொழில் அளவுக்கு வளர்த்தவர்கள் ஜப்பானிய ஆய்வாளர்கள். அதை வாங்கிப் பெருக்கியது அயோவாவின் கிளின்டன் நகர ஆலை. அதே காலத்தில் அமெரிக்கா இறக்குமதிச் சர்க்கரைக்குத் தடைகள் போட்டிருந்ததால் அங்கே கரும்புச் சர்க்கரையின் விலை உலகச் சந்தையைவிட அதிகம். மக்காச்சோளமோ மலிவு. 1984ல் கோக்கும் பெப்சியும் அமெரிக்காவில் சர்க்கரையை விட்டுவிட்டு இந்தப் பாகுக்கு மாறின. இனிப்பின் செலவு குறைந்ததும் பாட்டிலின் அளவைப் பெரிதாக்குவது எளிதானது. கூடுதலாக ஊற்றும் கால் லிட்டருக்கு ஆகும் செலவு சொற்பம், விலையில் கூட்டிக்கொள்வது அதைவிட அதிகம்.

மூன்றாவது வழி பெட்ரோல் டேங்க். பெட்ரோலில் எத்தனால் என்ற சாராயத்தைக் கலக்கச் சொல்லி 2005ல் வந்த சட்டத்துக்குப் பிறகு அமெரிக்க மக்காச்சோளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதற்குப் போகிறது. நேரடியாக மனிதர் தானியமாகச் சாப்பிடுவது மிகச் சிறிய பங்கு.

உடம்பில் என்ன ஆகிறது?

இதில் பலர் அவசரப்பட்டு ஒரே குற்றவாளியைப் பிடிக்கப் பார்க்கிறார்கள். அமெரிக்காவில் உடல் பருமன் உள்ள பெரியவர்கள் 1970களின் இறுதியில் 15 சதவீதம் அளவில் இருந்தார்கள். 2017-18ல் 42 சதவீதத்தைத் தாண்டிவிட்டார்கள். ஃபிரக்டோஸ் பாகு வந்த காலமும் இதுவே, ஆகவே பாகுதான் காரணம் என்று ஒரு வாதம் கிளம்பியது. அது சரியாகப் பொருந்தவில்லை. குளிர்பானத்தில் போடும் பாகில் 55 சதவீதம் ஃபிரக்டோஸ். நம் சர்க்கரை டப்பாவில் இருப்பதிலும் பாதி ஃபிரக்டோஸ்தான். இரண்டும் உடம்புக்குள் ஏறக்குறைய ஒன்றே. போதாததற்கு, அமெரிக்காவில் பாகின் பயன்பாடு 2000க்குப் பின் குறைந்துகொண்டே வந்தது, பருமன் குறையவில்லை. இந்தியாவில் குளிர்பானங்களில் பெரும்பாலும் கரும்புச் சர்க்கரைதான். அதனால் அவை நல்லதாகிவிடவில்லை.

என் பார்வையில் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்க வேண்டும். மாவுச்சத்து, இனிப்பு, எண்ணெய் மூன்றும் இவ்வளவு மலிவாகக் கிடைக்கும்போது அவற்றை வைத்து உணவுத் தொழில் என்ன செய்யும்? அவற்றையே வேறு வேறு விகிதத்தில் கலந்து, உப்பும் மணமும் நிறமும் சேர்த்து, நூறு பெயரில் விற்கும். பிரேசிலின் சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்தில் கார்லோஸ் மான்டெய்ரோ இவற்றுக்குத் தனி வகைப்பாடே செய்தார். வீட்டு அடுப்படியில் கிடைக்காத ஆலைப் பொருள்களைச் சேர்த்துச் செய்பவற்றை மீயளவு பதப்படுத்திய உணவு என்றார். ஊறுகாயும் தயிரும் பதப்படுத்தியவைதான், ஆனால் இந்த வகையில் வராது.

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் 2019ல் வெளியிட்ட சோதனை இதில் முக்கியமானது. 20 பேரை நான்கு வாரம் ஆய்வகத்திலேயே தங்கவைத்தார்கள். இரண்டு வாரம் மீயளவு பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்தாத உணவு. முன்னால் வைத்த தட்டில் இரண்டு முறையும் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து, உப்பு எல்லாம் சமம். பிடித்த அளவு சாப்பிடலாம், மிச்சமும் வைக்கலாம். பதப்படுத்திய உணவு கொடுத்தபோது அதே ஆட்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், இரண்டு வாரத்தில் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக எடை கூடியது. மற்ற உணவுக்கு மாறியபோது அதே அளவு குறைந்தது. சிறிய சோதனைதான், குறுகிய காலம்தான். ஆனாலும் வாயைக் கட்ட முடியாதவர்கள்தான் குண்டாகிறார்கள் என்ற பழிக்கு இது நல்ல பதில். ஒரே ஆள், ஒரே வாய், உணவு மாறியதும் அளவு மாறிவிட்டது.

இன்னொரு பக்கம், கலோரி போதுமான அளவு இருந்தும் சத்து குறைவது. இது புதிய சிக்கல் இல்லை. 1900களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பெல்லாக்ரா என்ற நோய் பரவியது. தோல் வெடிக்கும், வயிற்றுப்போக்கு நிற்காது, புத்தி தடுமாறும், கடைசியில் சாவு. நாற்பது ஆண்டுகளில் சுமார் 30 லட்சம் பேருக்கு வந்து, ஒரு லட்சம் பேர் இறந்ததாகக் கணக்கு. கிருமிதான் காரணம் என்று பலரும் நம்பினார்கள். அரசு அனுப்பிய டாக்டர் ஜோசப் கோல்ட்பெர்கர் அப்படி நினைக்கவில்லை. அனாதை இல்லங்களிலும் மனநல விடுதிகளிலும் தங்கியிருப்பவர்களுக்கு நோய் வருகிறது, கவனித்துக்கொள்ளும் ஊழியர்களுக்கு வருவதில்லை என்பதைப் பார்த்தார். தொற்று என்றால் இப்படி ஆள் பார்த்தா ஒட்டும்? 1915ல் மிசிசிப்பியில் சிறைக் கைதிகள் சிலர், விடுதலை கிடைக்கும் என்ற நிபந்தனையோடு, ஏழைகளின் சாப்பாட்டையே சாப்பிட முன்வந்தார்கள். சில மாதங்களில் ஆறு பேருக்கு நோய் வந்தது. (இன்று எந்த ஆய்வு நெறிமுறைக் குழுவும் இதை அனுமதிக்காது.) அதன் பிறகும் நம்பாதவர்களுக்காக, நோயாளியின் இரத்தத்தைத் தனக்கும் மனைவிக்கும் ஊசியில் ஏற்றிக்கொண்டு ஒன்றும் ஆகாததைக் காட்டினார்.

அந்த ஏழைகள் சாப்பிட்டது மக்காச்சோள மாவு, வெல்லப்பாகு, உப்புப்போட்ட பன்றிக்கொழுப்பு. ஏன் அதை மட்டும்? விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்குப் பயிரிட்ட குடும்பங்களை வாசல்படிவரை பருத்தியே போடச் சொன்னார்கள் நில உடைமையாளர்கள். காய்கறித் தோட்டத்துக்கோ பசுவுக்கோ இடமில்லை. மாவும் பழைய மாவு இல்லை. முளையில் எண்ணெய் இருப்பதால் முழு மாவு சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். ரயிலில் நெடுந்தூரம் அனுப்பவும் கடையில் மாதக்கணக்கில் வைக்கவும் வசதியாக, புதிய ஆலைகள் முளையை நீக்கிவிட்டு அரைத்தன. சத்தில் பெரும்பங்கு அதோடு போய்விட்டது. மெக்சிகோவில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து அரைக்கிறார்கள். அதனால் அதில் கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்ற வைட்டமின் விடுபட்டு உடம்பில் சேர்கிறது. தானியம் மற்ற இடங்களுக்குப் பரவியது, இந்தப் பக்குவம் எல்லா இடத்துக்கும் கூடவே போகவில்லை. பெல்லாக்ரா வந்தவர்களுக்குக் குறைவாக இருந்தது நியாசின்தான் என்று 1937ல் தெரிந்தது. மாவில் அதைத் திரும்பச் சேர்த்தார்கள். நோய் போனது. எடுத்த சத்தில் ஒன்றிரண்டை மட்டும் ஆலையிலேயே திரும்பச் சேர்க்கும் வழக்கம் இப்படித்தான் பழகிப்போனது.

இந்தியாவிலும் ஊட்டச்சத்து விஞ்ஞானி சி. கோபாலன் ஐதராபாத்தில் பெல்லாக்ராவை ஆராய்ந்தார். அங்கே நோய் வந்தது தெலங்கானாப் பகுதியில் சோளத்தையே முழு உணவாகச் சாப்பிட்ட ஏழைகளுக்கு. நம் ஊர்ச் சோளம்தான், இன்று சிறுதானியம் என்று தனி அலமாரியில் வைத்து விற்கிறோமே அதே சோளம். ஒற்றைத் தானியத்தையே நம்பிக் கிடந்தால் அது எந்தத் தானியமாக இருந்தாலும் உடம்பு தாங்காது.

விளைச்சல் கூடும்போது மணியில் சத்து அடர்த்தி குறைகிறதா என்ற கேள்விக்கும் விடை ஓரளவு இருக்கிறது. இங்கிலாந்தின் ரோதாம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையில் 1840களிலிருந்து கோதுமை மாதிரிகளைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள். அவற்றைச் சோதித்தபோது துத்தநாகம், இரும்பு, மெக்னீசியம் அளவு 1960களின் நடுப்பகுதிவரை நிலையாக இருந்து, குட்டை ரகங்கள் வந்த பிறகு இறங்கியது தெரிந்தது. மண்ணில் சத்து குறையவில்லை. செடி மாவுச்சத்தை அள்ளிக் குவித்ததில் மற்றவை நீர்த்துப்போயின.

தட்டு வழியாக மட்டும் இல்லை, குடிதண்ணீர் வழியாகவும் உடம்புக்கு வருகிறது. போட்ட உரமெல்லாம் பயிருக்குப் போவதில்லை. மழையில் கரைந்து ஆற்றுக்குப் போகிறது. அயோவாவின் தலைநகரான டி மொய்னில் ஆற்றுத் தண்ணீரிலிருந்து நைட்ரேட்டை நீக்குவதற்கென்றே தனிச் சுத்திகரிப்பு நிலையம் நடத்துகிறார்கள். நைட்ரேட் அதிகமான தண்ணீர் கைக்குழந்தைகளின் இரத்தம் ஆக்சிஜன் சுமப்பதைக் கெடுக்கும். 2015ல் அந்நகரக் குடிநீர் வாரியம் ஆற்றின் மேல்பகுதியில் வயல் நீரை வடிக்கும் உள்ளூர் வடிகால் அமைப்புகள் மீது வழக்கே போட்டது. 2017ல் அது தள்ளுபடியானது. சுத்திகரிக்கும் செலவு தண்ணீர் வரி கட்டுபவர் தலையில். மலிவான மக்காச்சோளத்தின் விலைச்சீட்டில் இது எங்கும் சேராது.

நம் பக்கம்

இந்தியாவில் விளையும் மக்காச்சோளத்தில் நெடுங்காலமாகப் பாதிக்கும் மேல் தீவனத்துக்குத்தான் போய்வந்திருக்கிறது. தமிழ்நாட்டில் அதைப் பெரும்பாலும் உறிஞ்சுவது நாமக்கல் முட்டைக் கோழிப் பண்ணைகளும் பல்லடம், உடுமலைப் பக்கத்து பிராய்லர் பண்ணைகளும். முட்டைக் கோழியின் தீவனத்தில் ஏறக்குறைய பாதி மக்காச்சோளம், அதற்கு அடுத்து சோயாப் பிண்ணாக்கு. அயோவாவின் அதே ஜோடி. முன்பு கம்பும் சோளமும் கடலையும் நின்ற மானாவாரி நிலத்தில் இது பரவியதற்குக் காரணம் தேடி அலைய வேண்டாம். காவல் குறைவு, அறுவடைக்கு எந்திரம் வரும், களத்துமேட்டுக்கே வியாபாரி லாரியோடு வருவார்.

இதைத் திட்டித் தீர்க்க எனக்கு மனம் வரவில்லை. பள்ளிச் சத்துணவில் பிள்ளைகளுக்குப் பள்ளி நாளெல்லாம் முட்டை கொடுக்கிறோம். தானியமும் பருப்பும் மட்டும் சாப்பிடும் வீட்டுக் குழந்தைக்கு அந்த ஒரு முட்டையின் மதிப்பு பெரிது. மலிவான மக்காச்சோளம் இல்லாமல் அவ்வளவு முட்டையை அந்த விலையில் கொடுப்பது கடினம். அதே நேரம் ஒரே பயிர் ஒரே மூச்சாகப் பரவினால் என்ன ஆகும் என்பதும் நமக்குத் தெரிந்துவிட்டது. 2018ல் கர்நாடகத்தில் முதலில் தென்பட்ட அமெரிக்கப் படைப்புழு அந்தப் பருவத்திலேயே பெரம்பலூர் வயல்களைத் தின்று தீர்த்தது. இப்போது எத்தனால் ஆலைகளும் மக்காச்சோளம் கேட்கின்றன. பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் திட்டம் வந்தபின் தீவன விலை ஏறுகிறது என்று பண்ணையாளர்கள் முறையிடுகிறார்கள். வண்டியும் கோழியும் ஒரே மூட்டைக்குப் போட்டி.

சரி, அமெரிக்காவில் மக்காச்சோளம் செய்த வேலையை நம் தட்டில் எது செய்தது? பாலிஷ் போட்ட அரிசியும் பாமாயிலும். 1960களில் குட்டை நெல் ரகங்கள், உரம், கொள்முதல், ரேஷன் என்று ஒரு முழுச் சங்கிலி உருவானது. பசிக்கு அது விடை சொன்னது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அரசு வாங்குவது நெல், கொடுப்பது அரிசி என்று ஆனதும் கேழ்வரகும் கம்பும் சாமையும் ஒதுங்கின. 2011 முதல் ரேஷன் அரிசிக்குக் காசும் இல்லை. பாமாயிலோ ஏக்கருக்குக் கடலையைவிடப் பல மடங்கு எண்ணெய் தரும் மரத்திலிருந்து வருகிறது. இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் காட்டை அழித்து வளர்த்த தோட்டங்கள் அதற்கு நிறைய உண்டு. உலகிலேயே அதை அதிகம் இறக்குமதி செய்யும் நாடு இந்தியா. 2007லிருந்து நம் ரேஷன் கடையிலும் கிடைக்கிறது.

நாட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 10 கோடிக்கும் மேல் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து சென்னை மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு (ICMR-INDIAB) 2023ல் சொன்னது. அதற்கு உடல் உழைப்பு குறைந்ததும், பரம்பரையும், ஆயுள் கூடியதும் காரணங்கள். மாவுச்சத்து மிகுந்து, பருப்பும் காயும் குறைந்த சாப்பாடும் அந்தப் பட்டியலில் மேலே இருக்கிறது. வெள்ளைச் சோறு மலையாகவும் குழம்பில் காய் இரண்டு துண்டாகவும் இருப்பதற்கு வீட்டுக்காரர் ருசி மட்டும் காரணம் இல்லை. ஒரு கிலோ அரிசியின் விலையையும் ஒரு கிலோ அவரைக்காயின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கடையில் செய்யக்கூடிய சின்ன வேலை ஒன்று உண்டு. பாக்கெட்டின் பின்னால் உள்ள பொருள் பட்டியல் எடை வரிசையில் இருக்கும், அதிகமானது முதலில். முதல் மூன்று பெயர்களில் மைதா, சர்க்கரை, பாமாயில் இருந்தால் முன்பக்கத்தில் ராகி, ஓட்ஸ், தேன் என்று எத்தனை படம் போட்டிருந்தாலும் உள்ளே இருப்பது அந்த மூன்றுதான். லிக்விட் குளுக்கோஸ், மால்டோடெக்ஸ்ட்ரின், இன்வர்ட் சிரப் என்பவையும் சர்க்கரைக்குச் சொந்தக்காரர்களே. குழந்தைகளுக்கான சத்து மாவு டப்பாக்களை இப்படி ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது.

ஆனால் பட்டியல் படித்து நாடு மாறாது. வாங்கும் கை மாறினால்தான் வயல் மாறும். மெக்சிகோ 2014ல் இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு ஒரு பெசோ வரி போட்டது, விற்பனை குறைந்தது. சிலி 2016ல் சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிகுந்த பாக்கெட்டுகளின் முன்பக்கத்தில் கறுப்பு எண்கோண முத்திரை போடச் சொன்னது. தமிழ்நாட்டில் 2023ல் நீலகிரி, தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசியில் இரண்டு கிலோவுக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுக்கும் திட்டம் தொடங்கியது. அதற்கான கேழ்வரகைத் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கொள்முதல் நிலையம் திறந்து விவசாயிகளிடமே வாங்கினார்கள்.

2024-25 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலையில் கேழ்வரகு குவிண்டாலுக்கு 4,290 ரூபாய், மக்காச்சோளம் 2,225 ரூபாய். காகிதத்தில் கேழ்வரகுதான் லாபம். ஆனாலும் பெரும்பாலான மானாவாரி மாவட்டங்களில் மக்காச்சோளமே நிற்கிறது. ஏக்கருக்குக் கிடைக்கும் மூட்டை அதில் அதிகம், கதிர் அறுக்கக் கூலி ஆள் தேட வேண்டாம். ஆதரவு விலை என்பதும் கொள்முதல் நிலையம் இருக்கும் ஊரில்தான் கைக்கு வரும் பணம்.